ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? வீட்டுக்கு எந்த சாக்கெட்?

போல்ட், நட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட் வேண்டும் என்று கேட்டால் கடையில் முதலில் எடுத்து வைப்பது நூறு உருப்படி உள்ள பெரிய பெட்டியைத்தான். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். இரண்டாம் மாதமே, துருப்பிடித்த சைலன்சர் போல்ட்டின் தலையை அது வழித்துவிட்டது. பட்டறையில் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத்தான் கழற்ற முடிந்தது. பெட்டியில் இருந்த அத்தனையும் பன்னிரண்டு முனை சாக்கெட் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஆறு முனை (ஹெக்ஸ்) சாக்கெட் போல்ட் தலையின் தட்டையான பக்கங்களில் நன்றாகப் படிந்து பிடிக்கும். பன்னிரண்டு முனையில் (பை-ஹெக்ஸ்) பள்ளங்கள் நெருக்கமாக இருப்பதால், பிடிப்பு மூலையை ஒட்டிய சிறு பகுதியில்தான் விழுகிறது. போல்ட் புதிதாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. துருவேறி மூலை தேய்ந்திருந்தால் வழுக்கிவிடும். பன்னிரண்டு முனையை 30 டிகிரிக்கு ஒரு தடவை மாட்டலாம், ஆறு முனையை 60 டிகிரிக்கு ஒரு தடவைதான் என்பார்கள். உண்மைதான். ரிங் ஸ்பானரில் அது பெரிய வசதி. ஆனால் சாக்கெட்டை, கழற்றி மாட்டாமலே முன்பின் ஆட்டித் திருகும் கைப்பிடியான ராட்செட்டில்தானே போடுகிறோம்? 72 பல் ராட்செட் 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். போல்ட் தலையே பன்னிரண்டு முனையாக இருந்தால் மட்டும் பை-ஹெக்ஸ் கட்டாயம் வேண்டும். சில கார் எஞ்சின்களில் அப்படி வரும். மற்றபடி என் ஓட்டு ஆறு முனைக்கே. தபாரியா போன்ற நம் ஊர் பிராண்டுகளில் இரண்டுமே கிடைக்கும். பெட்டியின் மேல் படிக்காமல், ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள்.

டிரைவ் அளவில், அதாவது ராட்செட் மாட்டும் சதுரத் துளையின் அளவில், குழம்ப வேண்டாம். கடையில் கேட்க வேண்டியது 1/4, 3/8, 1/2 இன்ச். பைக் வேலை முக்கால்வாசி 8, 10, 12, 14 மி.மீ. தலை உள்ள போல்ட்டுகள். அதற்கு 3/8 கச்சிதம். மாருதி கார்களின் 19 மி.மீ. வீல் நட்டுக்கு 1/2 இல்லாமல் நடக்காது. 1/4 கடைசியில் வாங்கினால் போதும்.

சாக்கெட்டின் எஃகு குரோம் வெனடியமா, குரோம் மாலிப்டினமா? கையால் திருகுவதற்கு முதலாவது. சுவர் மெலிதாக இருப்பதால் இடுக்கில் நுழையும். கருப்பாக, தடிமனாக இருக்கும் மாலிப்டினம், தட்டித் தட்டித் திருகும் இயந்திரமான இம்பாக்ட் கன்னுக்கானது. பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மட்டும் கன்னில் மாட்டவே மாட்டாதீர்கள். உடைந்து சில்லு கண்ணில் தெறிக்கலாம்.

கடைக்குப் போகும்போது பையில் 10 மி.மீ. தலை உள்ள ஒரு புது போல்ட் கொண்டுபோங்கள். மாட்டி ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடக்கூடாது. வாய்ப்பக்கம் ரொம்பச் சரித்துச் செதுக்கியிருந்தாலும் வேண்டாம், மெல்லிய நட்டைப் பிடிக்காது.

பெரிய பெட்டியின் விலைக்கு ஒரு நல்ல 3/8 ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் தண்டு), ஆறு முனையில் 8, 10, 12, 14, 17 என ஐந்து சாக்கெட் தனித்தனியாக எடுங்கள். 10 மட்டும் இரண்டு வாங்குங்கள், அதுதான் அடிக்கடி தொலையும்.