இ-மைக்ரேட்: யாருக்குக் காவல், எதுவரை காவல்?

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ உடலுழைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்காக இந்திய அரசு நடத்தும் தளம் இ-மைக்ரேட். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். (Emigration Check Required) வகை, அதாவது வேலைக்குக் கிளம்பும் முன் அரசு சரிபார்க்க வேண்டியது. சவுதி, கத்தார், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளில் வேலை பார்க்க, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி தேவை.

இதில் நன்றாக இயங்குவது ஏஜெண்ட் பட்டியல். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று யாரும் பார்க்கலாம். ஆனால் பெயர் ஒத்துப்போனால் போதாது. பதிவு எண்ணும் அலுவலக முகவரியும் பொருந்த வேண்டும். உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் சப்-ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் பணம் வாங்குகிறார்கள். ஏஜெண்ட் கேட்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டால், புகார் கொடுக்கும்போது கையில் ஆதாரம் இருக்காது.

கிளியரன்ஸுடன் வரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு மலிவு: 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். முதலாளி மாறினாலும் செல்லும். மாரடைப்பில் இறந்தால் அந்த 10 லட்சம் கிடையாது. கொதிக்கும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது சின்னக் குறையில்லை.

பெரிய கோளாறு கொள்கையிலேயே இருக்கிறது. பாதுகாப்பை முடிவுசெய்வது வேலையின் ஆபத்து அல்ல, பள்ளிச் சான்றிதழ். ஒரே சாரத்தில் நிற்கும் இருவரில் பத்தாவது தேறியவருக்குக் கிளியரன்ஸும் தேவையில்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. 30 வயதுக்குக் குறைந்த இ.சி.ஆர். பெண்களுக்குக் கிளியரன்ஸே மறுக்கப்படுகிறது. தடுக்கப்பட்டவர்கள் விசிட் விசாவில் போகிறார்கள். அங்கே சம்பளம் நின்றால், வேலை பார்த்ததே குற்றமாகிவிடுமோ என்ற பயத்தில் புகார் கொடுக்க மாட்டார்கள்.

சம்பளத்திலும் அரசின் கை தடுமாறியது. வளைகுடா வேலைக்கு இதற்குக் குறையக் கூடாது என்று அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை 2020 செப்டம்பரில் குறைத்து, எதிர்ப்புக்குப் பின் 2021இல் திரும்பப் பெற்றார்கள்.

தளத்தில் ஏற்றிய ஒப்பந்தத்தில் ஒரு தொகை இருக்கும். இறங்கிய பிறகு அரபியில் நீட்டப்படும் தாளில் வேறொரு தொகை இருக்கும். முதல் தாளை இந்தியத் தளம் சரிபார்த்தது என்பதால் மட்டும் அங்குள்ள முதலாளி கட்டுப்படுவதில்லை. அதனால் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, திரும்பும் டிக்கெட் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள் நான்கின் நகலும் வீட்டில் இருக்கட்டும். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் தளம் வழியாகத் தூதரகத்துக்குப் போகும் புகாரைக் குடும்பத்தாரும் பதியலாம். அப்போது இந்த விவரங்கள்தான் வேண்டியிருக்கும்.