மச்சு பிச்சு போகிறவர்களே, டிக்கெட்டில் எந்தச் சுற்று என்று பாருங்கள்

காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் ஆளுக்கு 4,60,000 ரூபாய் கட்டி, போன ஜூலையில் நானும் என் மனைவியும் பெரு நாட்டுக்குப் போய் வந்தோம். மச்சு பிச்சு என்ற பழைய இன்கா ஊரைப் பார்க்கத்தான் போனோம். பார்த்தோம், ஆனால் மேட்டில் நின்று எட்டத்திலிருந்து. அந்த ஊருக்குள் கால் வைக்கவில்லை. நம் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் கிளம்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் எழுதுகிறேன்.

26 வருஷமாகப் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வளவில் கொட்டுகிற மழைத்தண்ணீர் சுவரில் ஒரு சொட்டு இறங்காமல் எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மச்சு பிச்சு 1450 வாக்கில், பச்சகுட்டி என்ற இன்கா அரசர் காலத்தில், 2,430 மீட்டர் உயரத்தில் ஒரு மலை முகட்டில் கட்டியது. நல்ல மழை கொட்டும் இடம். அப்படியும் சரிந்து போகாமல் நிற்கிறது. காரணம், மலைச் சரிவில் படிப்படியாகக் கட்டிய மேடைகள். மேலே மண், அதற்குக் கீழே மணலும் சரளையும், அடியில் கல் சல்லி. தண்ணீர் தேங்க வழியே இல்லை. ஊற்றுத் தண்ணீரை ஏறக்குறைய 750 மீட்டர் வாய்க்காலில் கொண்டுவந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக 16 தொட்டிகளில் விழ வைத்திருக்கிறார்கள். கோயில் சுவர்களில் கலவையே கிடையாது. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் குழைத்தே பழகிய எனக்கு, கல்லும் கல்லும் சேர்கிற அந்த இடுக்கில் நகம் நுழையுமா என்று கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பத்து வருஷ ஆசை அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் சுற்ற முடியாது. 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிப் பாதை வைத்திருக்கிறார்கள். முதல் சுற்று மேல் மேடைகளோடு சரி, படம் எடுக்கும் இடம். ஊருக்கு நடுவே நடந்து போக இரண்டாம் சுற்று வேண்டும். மூன்றாவது கீழ்ப்பக்கம், சூரியக் கோயில் அதில்தான் வரும். டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், நேரம், பாதை எல்லாம் அச்சாகியிருக்கும். ஒருவழிப் பாதைதான், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

எங்கள் பயணத் திட்டத்தில் 'மச்சு பிச்சு முழு நகரம், வழிகாட்டியுடன்' என்று இருந்தது. நான் வாய்விட்டே கேட்டேன், "தம்பி, தண்ணித் தொட்டி, மூணு ஜன்னல் கோயில் எல்லாம் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?" என்று. "அண்ணே, நீங்க தொட்டே பார்க்கலாம்" என்றார். பணம் கட்டியது ஜனவரியில். டிக்கெட் நகலை மூன்று முறை கேட்டேன். "அங்கே போனதும் கைடு கையிலே குடுத்துருவார்" என்பதுதான் பதில்.

அன்று விடியற்காலை ஒல்லந்தாய்தம்போவில் ரயில் ஏறி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மலையடி ஊர். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ். வாசல் வரிசையில் நிற்கும்போதுதான் வழிகாட்டிப் பையன் காகிதத்தைக் கையில் கொடுத்தான். 'சிர்குயிட்டோ 1', அதாவது முதல் சுற்று, என்று இருந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அந்தப் பையனே தயங்கித் தயங்கி, "சார், இதில் மேல் மேடை மட்டும்தான்" என்றான்.

படி ஏறிப் போனோம். மேகம் விலகியதும் ஊர் முழுக்கத் தெரிந்தது. கூரையில்லாத வீடுகள், நடுவில் பச்சைப் புல்வெளி, பின்னால் வாய்னா பிச்சு முகடு. அழகில் குறையே சொல்ல முடியாது. கீழே ஆட்கள் எறும்பு போலச் சந்துகளில் நடந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி, "ஏங்க, அவங்களும் நம்மளை மாதிரி டிக்கெட்டுதானே வச்சிருக்காங்க?" என்று கேட்டார். பாதை பிரியும் இடத்தில் காவலரிடம் டிக்கெட்டை நீட்டினேன். பார்த்துவிட்டு, கையை வெளியேறும் பக்கம் காட்டினார். நான் பையில் வைத்திருந்த சின்ன டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

மலையடி ஊரில் நாளொன்றுக்கு 1,000 டிக்கெட்டுகள் நேரில் விற்கிறார்கள். ஒரு ராத்திரி தங்கியிருந்தால் முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்து டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். "உள்ளே விட்டாங்கல்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்கிறார். எனக்கு அதுதான் ஆறவில்லை. விலையில் அவர் ஒன்றும் மிச்சம் பிடிக்கவும் இல்லை. எங்கள் டிக்கெட் பெரு நாட்டுப் பணத்தில் 152 சோல், இரண்டாம் சுற்றின் சாதாரண டிக்கெட்டும் அதே விலைதான். அந்த ஊர் ஏஜென்டின் மின்னஞ்சலை வாங்கிப் பார்த்தேன். எங்களுக்கு டிக்கெட் எடுத்தது ஜூன் கடைசியில். கூட்டம் அலைமோதுகிற பருவத்தில் இரண்டாம் சுற்று மாதக் கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். ஐந்து மாதம் எங்கள் பணத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சியதை வாங்கியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயணத்தையே தள்ளிப் போட்டிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிமாவிலிருந்து நேரே 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் இறக்கி, அன்றைக்கே ஊர் சுற்றக் கிளப்பினார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் என் மனைவிக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. மச்சு பிச்சு அதைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வு. முதல் ராத்திரியைத் தாழ்வான பள்ளத்தாக்கில் வைத்து, குஸ்கோவைக் கடைசியில் பார்க்கலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் அப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

15,000 ரூபாய் தருகிறேன், பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார் டிராவல்ஸ்காரர். வாங்கவில்லை. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், எங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். திட்டக் காகிதம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இருக்கிறது. நீங்கள் போவதாக இருந்தால், சுற்றும் பாதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, டிக்கெட் நகல் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் அதே டிராவல்ஸின் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கேட்டார். 'மச்சு பிச்சு முழு நகரம்' என்றுதான் இருக்கிறது. சுற்று எண் இல்லை. முன்பணம் கட்டிவிட்டாராம்.