செயினை எந்தக் கண்ணியில் வெட்டுவது?

பைக்கில் கம்பெனி கொடுத்த அதே பல் எண்ணிக்கையுள்ள ஸ்பிராக்கெட்டுகள் (செயின் ஓடும் பல்சக்கரங்கள்) இருந்தால் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையேட்டில் உள்ள கண்ணி எண்ணிக்கையைப் பார்த்துப் புதுச் செயினை வாங்கி மாட்டிவிடலாம். பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கும்போதும், கையேடு இல்லாத பழைய வண்டியிலும்தான் சிக்கல். அப்போது மூன்று வழிகள் உண்டு. பலரும் கையாளும் முதல் வழியே மூன்றிலும் மோசமானது.

பழைய செயினைத் தரையில் நீட்டி, பக்கத்தில் புதியதைக் கிடத்தி, அதே நீளத்துக்கு வெட்டுவது அந்த வழி. ஆனால் ஓடிய செயினில், கண்ணிகளை இணைக்கும் பின்னும் (pin) அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து மூட்டுக்கு மூட்டு நீளம் கூடியிருக்கும். 428 அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; 124 கண்ணிகள் என்றால் 1,574.8 மி.மீ. அது 2 சதவீதம் நீண்டிருந்தால் கூடுவது 31 மி.மீ.க்கு மேல், அதாவது இரண்டு கண்ணிக்கும் அதிகம். அதே நீளத்துக்கு வெட்டினால் புதிய செயினில் 124க்குப் பதில் 126 கண்ணிகள் வந்துவிடும். பழைய செயினை அளக்காதீர்கள், எண்ணுங்கள். இரு முனைகளையும் இணைக்கும் லாக்கையும் ஒரு கண்ணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிராக்கெட்டை மாற்றுகிறீர்கள் என்றால் அந்த எண்ணும் உதவாது.

அடுத்தது சூத்திரம். இரு ஸ்பிராக்கெட்டுகளின் மைய இடைவெளியைக் கண்ணி நீளத்தால் வகுத்து இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டின் பற்களையும் கூட்டி அதில் பாதியைச் சேர்க்க வேண்டும். பல் வித்தியாசத்துக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு. இந்த அளவுச் செயின் உள்ள பைக்குகளில் அது அரைக் கண்ணியை ஒட்டியே வரும். அதே 428 செயின், இடைவெளி 590 மி.மீ., முன்னால் 15 பல், பின்னால் 45 பல் என்று வைத்துக்கொள்வோம்: 92.9 + 30 + 0.5 = 123.4. உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். ஆகவே 124. மிச்சமுள்ள 0.6 கண்ணிக்காக, பின்சக்கர அச்சை ஏறத்தாழ 4 மி.மீ. பின்னுக்கு இழுத்தால் போதும். கடைக்குப் போகும் முன்பே விடை கையில் இருப்பது பெரிய வசதி. ஆனால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் செயின் கவரையும் தாண்டி மையத்துக்கு மையம் அளப்பது கடினம். 6 மி.மீ. பிசகினாலே ஏறத்தாழ ஒரு கண்ணி பிசகிவிடும்.

வெட்டும் நேரத்தில் நான் நம்புவது மூன்றாவதை, வண்டியிலேயே சுற்றிப் பார்ப்பதை. பின் அச்சை, அதை முன்னும் பின்னும் நகர்த்தும் அட்ஜஸ்டரின் முன்கோடிக்கு அருகே தள்ளி, புதுச் செயினை இரு ஸ்பிராக்கெட்டுகளிலும் சுற்றி, முனைகளைப் பின் ஸ்பிராக்கெட்டின் மீதே சந்திக்க விடுங்கள். பற்கள் செயினைப் பிடித்துக்கொள்வதால் வெட்ட வேண்டிய இடம் கண்ணெதிரே தெரியும். இரு முனையிலும் உள் கண்ணி நிற்க வேண்டும். இடையில் லாக் வரும். தேவைக்கு மேல் நீளமான செயின் கையில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால் வாங்குவதற்குச் சூத்திரம், வெட்டுவதற்கு இது.

இரண்டு எண்களுக்கு நடுவே தயங்கினால், அட்ஜஸ்டரில் இடம் இருக்கும்வரை பெரிய எண்ணையே எடுங்கள். நீண்ட செயினை இழுத்துக் கட்டலாம். குட்டையான செயின் கியர்பாக்ஸ் பேரிங்கையே பதம் பார்க்கும். மாட்டியபின் வண்டியில் ஆளை உட்காரவைத்து, முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நிலையில் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். செயின் மிகவும் இறுகும் நிலை அதுதான். அங்கும் தளர்வு இருக்க வேண்டும்.