நகர்மன்றக் கூட்டம்: பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டு நகராட்சிகள் 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சியில் இருந்து, 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின்னரே மீண்டும் மன்றங்களைப் பெற்றன. அவை அன்றாட முடிவுகளை எவ்வாறு எடுக்கின்றன என்று அறிய விரும்புவோர், தத்தம் ஊரின் சாதாரணக் கூட்டம் ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் ஊரில், தெருவிளக்குப் பராமரிப்பு, கடை ஏலம், மோட்டார் பழுது என ஒவ்வொரு பொருளையும் உதவியாளர் மூச்சுவிடாமல் வாசிக்க, உறுப்பினர்கள் ‘ஆல் பாஸ்’ என்றதும் தீர்மானம் நிறைவேறியது. குழாய் உடைப்புக்கெல்லாம் மன்றம் கூடும்வரை காத்திருக்க இயலாது என்பதால், ‘அவசர அவசியம் கருதி’ தலைவரின் முன் அனுமதியுடன் வேலையை முடித்துவிட்டுப் பின்னர் ஒப்புதலுக்கு வைக்கும் நடைமுறை நியாயமானதே. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பொருள்கள் அவ்வழியிலேயே வந்தால் விவாதிக்க என்ன மிஞ்சும்? வார்டுப் பிரச்சினைகளைப் பேசிய நேரம்தான் உருப்படியானது: கழிவுநீர் கலந்த குடிநீரைப் பெண் உறுப்பினர் ஒருவர் பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்த பிறகே, பொறியாளர் சீரமைப்புக்குத் தேதி சொன்னார். கூட்டப் பொருள்களை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.