"உடலில் கறள் இல்லை" என்று விற்கப்பட்ட அல்பீன் ஏ110: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிரான்சின் தெற்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கும் ஒருவரிடம் சென்ற ஆண்டு நான் ஏமாந்தேன். அவருடைய கூடத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நின்றன: ஒன்று லான்சியா ஃபுல்வியா 1.6 எச்எஃப், மற்றையது அல்பீன் ஏ110 1600 எஸ் என்று எழுதி வைக்கப்பட்டிருந்த நீல நிற வண்டி. 1971இல் மொன்டே கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை ஏ110இல் ஒவே ஆண்டர்சன் வென்றதும், மறு ஆண்டே அதே ராலியை ஃபுல்வியாவில் சான்ட்ரோ முனாரி வென்றதும் தெரிந்தவர்களுக்கு, இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

ஃபுல்வியாவின் 1584 சி.சி. கொண்ட குறுகிய வி4 எஞ்சின் முன்பக்கம் இருந்து முன் சக்கரங்களையே இழுக்கும். அதன் உடல் உருக்கினால் ஆனது. அந்த வண்டியின் சக்கர வளைவுகளில் வண்ணப்பூச்சு கொப்பளித்திருந்ததை விற்பனையாளர் தாமாகவே விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அல்பீனின் கதவைத் தட்டி, இது கண்ணாடியிழை, இதில் கறள் என்ற பேச்சே இல்லை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டியெப் நகரில் செய்யப்பட்ட ஏ110இன் உடல் கண்ணாடியிழைதான். ஆனால் அந்த உடல், வண்டியின் நடுவே முதுகெலும்புபோல நீளும் ஓர் உருக்கு நடுத்தண்டின் மேல் அமர்ந்திருக்கிறது, கறள் பிடிப்பது அங்கேதான். "மாமா, ஒருக்கால் லிஃப்டில ஏத்திப் பாப்பம்" என்று கூட வந்த மருமகன் சொன்னான். லிஃப்ட் பழுது என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, அல்பீனை வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, பின்பக்கம் ஏதோ உரசும் சத்தம் கேட்கிறதென்று கொண்டுபோனபோது, இந்த வண்டிகளையே திருத்தும் மெக்கானிக் ஒருவர் அடியில் தடவப்பட்டிருந்த தடித்த கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். நடுத்தண்டின் பின்முனையில் தகட்டின் மேல் தகடாக ஒட்டுப் போடப்பட்டிருந்தது; ஓர் இடத்தில் திருப்புளி உள்ளே இறங்கியது. அதைவிட, அந்த வண்டி 1600 எஸ் ஆகப் பிறந்ததே அல்ல. சிறிய வார்ப்பிரும்பு எஞ்சினுடன் வந்த 1300 வகை ஏ110 ஒன்றில், ரெனோ 16 டிஎஸ் காரின் 1565 சி.சி. அலுமினிய எஞ்சினைப் பின்னர் பொருத்தியிருந்தார்கள். 1600 எஸ் வண்டிக்குரியதும் அந்தக் குடும்பத்து எஞ்சினே என்பதால், மூடியைத் திறந்து பார்த்த எனக்கு ஐயம் எழவில்லை. பதிவுப் பத்திரத்தில் பி.6 என்ற கட்டத்தில் உள்ள, வரிக்காகக் கணக்கிடப்படும் குதிரைத்திறன் 1300 வகைக்கு உரியதாகவே இருந்தது. அந்தப் பத்திரம் வாங்கும் நாளிலேயே என் கையில் இருந்தது. நான் பெயரை மட்டும் வாசித்தேன்.

பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையின் 1641ஆம் பிரிவு மறைந்திருந்த குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. குறை தெரியவந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவர், குறை தமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். நடுத்தண்டு விடயத்தில் எங்கள் பக்கம் வலுவாக உள்ளது என்றும், எஞ்சின் விடயத்தில் பத்திரத்தை நானே பார்த்திருப்பதால் விளம்பரத்தில் இருந்த "1600 எஸ்" என்ற சொல்லையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் வழக்கறிஞர் சொல்கிறார். நல்லவேளை, அந்த விளம்பரத்தை அச்சிட்டு வைத்திருந்தேன்.

பதிவுத் தபாலில் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. சென்ற வாரம் அதே விற்பனையாளர் இன்னொரு ஏ110ஐ, "உடலில் கறள் இல்லை" என்ற அதே வரியுடன் விற்பனைக்கு இட்டிருக்கிறார்.