காஞ்சனபுரி: பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

பாங்காக்கில் விற்கிற ஒருநாள் காஞ்சனபுரி டூரில், சயாம் மரண ரயில் போன க்வாய் ஆற்றுப் பாலம், படகு, மதியச் சாப்பாடு என்று ஓட்டிவிடுவார்கள். அதை எடுக்காதீர்கள். தோன்புரி ஸ்டேஷனில் ரயில் பிடித்து நீங்களே போய் ஒரு இரவாவது தங்குங்கள்.

முதலில் போக வேண்டியது தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்கிற அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பற்றி வீட்டில் கேட்டுத்தான் மலேசியத் தமிழர்களான நமக்குப் பழக்கம். அது ஏன் போடப்பட்டது என்பதை இங்கே புரியவைக்கிறார்கள். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்பினால் நீர்மூழ்கிகள் தாக்கும், அதனால் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் தண்டவாளம், அதுவும் ஏறக்குறைய ஒரே வருடத்தில், 1943 அக்டோபருக்குள். இப்படி ஒரு சரக்குக் கணக்குக்காக 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளை இறக்கி, அதில் 12,000-க்கு மேல் சாகவிட்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், மலாயா பால்மரத் (ரப்பர்) தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். செத்தவர்கள் 90,000 என்பது மதிப்பீடுதான், ஏனென்றால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள். புல் அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறது, அதிகாரி, சிப்பாய் என்று வித்தியாசமே இல்லாமல் ஒரே அளவுக் கல், பெயர், படைப்பிரிவு, வயது, சிலவற்றில் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி. வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் யுத்தத்தைப் பற்றி வீராப்பாகப் பேச வாய் வராது. போர் முடிந்ததுமே, 1945-லேயே, நேச நாட்டுப் படையினர் பாதை நெடுக ஆள் அனுப்பித் தங்கள் கைதிகளின் குழிகளைத் தேடி எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் சீருடை போடாத தொழிலாளிக்கு அப்படித் தேட ஒரு அரசும் வரவில்லை. காலராவில் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கைதிகளுக்காவது கூடவே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவைத்தார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அதுகூட இல்லாமல் கிடந்தார்கள். வாட் தாவோர்ன் கோயிலில் அவர்களுக்காக இப்போது தமிழில் எழுதிய நடுகல் இருக்கிறது, மலேசியத் தமிழர்கள் முயற்சி. டூர்காரர்கள் கூட்டிப்போக மாட்டார்கள், கேட்டுப் போய்ப் பாருங்கள்.

மறுநாள் ஹெல்ஃபயர் பாஸ், அதாவது நரகத்தீக் கணவாய். அங்கே உள்ள நினைவகத்தை ஆஸ்திரேலிய அரசு நடத்துகிறது, நுழைவுக் கட்டணம் இல்லை, ஆடியோ கருவியும் தருகிறார்கள். சுத்தியலும் உளியும் வைத்துப் பாறையைப் பிளந்த இடம், இரவில் மூங்கில் தீயின் வெளிச்சத்தில் வேலை வாங்கியதால் வந்த பெயர். பாறையில் உளித் தடம் இன்னும் தெரிகிறது. படி நிறைய, வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

பிடிக்காத ஒன்று, வருடக் கடைசியில் பாலத்தில் நடக்கிற ஒளி–ஒலிக் காட்சி. போரில் அந்தப் பாலத்தின் மேல் நடந்த குண்டுவீச்சை வாணவேடிக்கையோடு நடித்துக் காட்டுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. குண்டு விழுவதை வேடிக்கையாகப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அடுத்த யுத்தமும் வேடிக்கையாகத்தானே தெரியும்? பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்த்து, அருங்காட்சியகத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். அப்புறம் ஒன்று, உங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.