டைசன் சூப்பர்சோனிக்: முடியைக் காப்பது கருவியா, கைப்பழக்கமா?

ஹேர் டிரையர் பட்டால் முடி பாழாகிவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. அந்த அச்சத்தை நம்பியே டைசன் நிறுவனம் தன் சூப்பர்சோனிக் டிரையரை விற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஜேம்ஸ் டைசன் 2016இல் டோக்கியோவில் அறிமுகப்படுத்திய இக்கருவியின் விலை இந்தியாவில் 30,000 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கிறது. 1,500 ரூபாய்க்கே பயன்படுத்தத்தக்க டிரையர் கிடைக்கும் சந்தையில், இத்தனை மடங்கு பணம் கொடுப்பவருடைய முடி அத்தனை மடங்கு பாதுகாப்பாக இருக்குமா என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி. எங்கள் வீட்டில் இடுப்பைத் தொடும் அடர்ந்த கூந்தலுக்கும், தோளளவில் நிற்கும் சுருள் முடிக்கும் இது பயன்பட்டு வருகிறது.

வெப்பம் முடியை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்தால்தான் கருவியின் தகுதியை அளக்க முடியும். முடியின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. தண்ணீரில் முடி ஊறிப் பருக்கும்போது அச்செதில்கள் சற்றே தூக்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் கடுஞ்சூடு பட்டால் அவை விரிசல் விட்டுப் பெயரத் தொடங்குகின்றன. சூடு இன்னும் ஏறினால், முடிக்குள் இருக்கும் நீரே ஆவியாகி உள்ளே குமிழ்களை உண்டாக்கும். தோல் மருத்துவர்கள் 'குமிழ் முடி' என்று குறிப்பிடும் இந்த நிலையில், குமிழ் உள்ள இடத்திலேயே முடி முறிகிறது. 175 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடாகும் டிரையர்களால் இது நேரக்கூடும் என்று 1994இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று காட்டியது.

அப்படியானால் டிரையரைத் தொடாமல் தானாகக் காயவிடுவதே உத்தமம் என்று தோன்றும். தென் கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சற்று வேறான விடை தருகிறது. முடிக் கற்றைகளை 30 முறை அலசி உலர்த்திய அவர்கள், ஒரு பகுதியை அறைக் காற்றில் காயவிட்டார்கள். மற்றவற்றை டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து 60 வினாடி, 10 சென்டிமீட்டரில் 30 வினாடி, 5 சென்டிமீட்டரில் 15 வினாடி என்று உலர்த்தினார்கள். முடியில் பட்ட சூடு முறையே 47, 61, 95 டிகிரியாக இருந்தது. சூடு கூடக் கூட மேற்புறச் சேதமும் கூடியது. ஆனால் முடியின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் உட்படலம் சிதைந்தது, டிரையரே படாமல் நெடுநேரம் ஈரத்தில் கிடந்த கற்றைகளில் மட்டும்தான். டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால், தானாகக் காயவிடுவதைவிடச் சேதம் குறைவு என்பது அவர்களின் முடிவு. தலைக்குக் குளித்த ஈரத்தோடு இறுகப் பின்னிக்கொண்டு அலுவலகம் கிளம்புகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

இனிக் கருவிக்கு வருவோம். சாதாரண டிரையரில் மோட்டார் தலைப்பகுதியில் இருக்கும். சூப்பர்சோனிக்கில் அது கைப்பிடிக்குள் அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 1,10,000 சுற்றுகள் வரை சுழலும் அச்சிறு மோட்டார் தள்ளும் காற்று, நடுவே துளையுள்ள வளையத்தின் வழியாகச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. முடி உலர்வதற்குச் சூடும் காற்றோட்டமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதால், காற்று மிகுதியாக வரும் கருவியில் சூட்டைக் குறைத்து வைத்தாலும் வேலை தாமதமாவதில்லை. என் மதிப்பில் இக்கருவியின் முதல் சிறப்பு இதுதான். விளம்பரங்கள் முன்னிறுத்தும் வெப்பக் கட்டுப்பாடு இரண்டாவதாகத்தான் வரும்.

அந்த வெப்பக் கட்டுப்பாடும் வெறும் பேச்சல்ல. காற்றின் வெப்பத்தை வினாடிக்கு 40 முறைக்கு மேல் அளந்து சரிசெய்வதாக நிறுவனம் சொல்கிறது. இதன் அருமை தெரிவது டிரையரை முடிக்கு மிக அருகில் கொண்டுபோகும்போதுதான். சாதாரண டிரையரின் வாயை முடியோடு ஒட்டிப் பிடித்தால் காற்று வெளியேற வழியின்றித் தேங்கும், உள்ளிருக்கும் வெப்பச் சுருளோ அதே மின்சாரத்தில் காய்ந்துகொண்டிருக்கும். விளைவாகச் சூடு திடீரென்று எகிறி, பொசுங்கிய வாடை வந்த பிறகே கை விலகும். கருவியே அளந்து குறைத்துக்கொள்ளும்போது இந்த ஆபத்து பெருமளவு தணிகிறது. ஆனால் முக்கால் சாண் தள்ளிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்த ஆபத்து முதலிலேயே குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளிர் காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிர்நிலைக்கு 28 டிகிரி என்று குறிப்பிடுகிறார்கள். எந்த டிரையரிலும் குளிர் காற்று என்பது ஹீட்டர் அணைந்த அறைக் காற்றே ஒழிய, ஏசிக் காற்று அல்ல. சென்னையின் மே மாதப் பிற்பகலில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது 28 டிகிரியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முடியை வடிவமைத்து முடித்ததும் குளிர் காற்றால் அதை நிலைநிறுத்த நினைப்பவர்கள், மின்விசிறி மட்டும் உள்ள அறையைவிட ஏசி அறையில் அதைச் செய்தால் பலன் தெரியும்.

பயன்படுத்தும் முறை விலையைவிட முக்கியம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தலைக்குக் குளித்ததும் துண்டால் முறுக்கிப் பிழிவதும், துண்டை வீசித் தட்டித் துவட்டுவதும் ஊறிய முடியை அறுக்கும். பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, சொட்டுவது நின்றபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். நெடுங்கூந்தலாக இருந்தால் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு டிரையரை எடுப்பது நல்லது. முதலில் முனைக்கருவி எதுவும் மாட்டாமல், வேகத்தைக் கூட்டி, சூட்டை நடுநிலையில் வைத்து, வேர்ப்பகுதியை விரல்களால் பிரித்தபடி உலர்த்த வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பளவு கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும். அத்தனை வெயிலும் சீப்பும் கண்ட நுனிக்குக் கடைசியில் சில வினாடிகள் காற்றுப் பட்டால் போதும். முடியை நேராக்க விரும்புகிறவர்கள், முக்கால் பங்கு உலர்ந்த பிறகே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் தட்டை முனையை மாட்டி, காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போகும்படி பிடிக்க வேண்டும். சுருள் முடிக்கு டிஃப்யூசர் என்னும் கிண்ண வடிவ முனையும் குறைந்த வேகமும் குறைந்த சூடும் போதும். முடியைக் கிண்ணத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பது ஒன்றே வேலை. சிலிகோன் கலந்த வெப்பக் காப்பு சீரம் ஓரளவு துணை செய்யும், ஆனால் அதைத் தடவிவிட்ட தைரியத்தில் சூட்டை உச்சத்தில் வைப்பதில் பொருளில்லை.

குறைகளும் உண்டு. சத்தம் காதைக் குத்தாத ரகமே தவிர, கருவி அமைதியானது அன்று. பக்கத்தில் குழந்தை தூங்கினால் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் வேண்டும். இக்கருவி இழுக்கும் 1,600 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர். நம் படுக்கையறைக் கண்ணாடி மேசையருகே இருக்கும் 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்குப் போதாது, கீசருக்கும் ஏசிக்கும் வைப்பது போன்ற 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. வாங்குவதற்கு முன்பே வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கைப்பிடியின் அடியில் உள்ள வடிகட்டியில் தூசியும் உதிர்ந்த முடியும் சேரும். மாதம் ஒருமுறையாவது அதைக் கழற்றித் துடைக்காவிட்டால் காற்றோட்டம் குறைந்து, மேலே சொன்ன முதல் சிறப்பே போய்விடும்.

வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்து, மாடி நிழலில் உலர்த்த நேரமும் உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் 1,200 வாட் அளவில், சூட்டுக்கும் வேகத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச் உள்ள டிரையரை வாங்கினால் போதும்; ஒரே ஸ்விட்சில் வேகத்தோடு சூடும் சேர்ந்து ஏறும் மலிவு வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். அடர்ந்த நீண்ட கூந்தலை வாரத்தில் மூன்று நான்கு நாள் அலசி, அரை மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டியவர்களுக்குச் செலவு தாங்குமானால் சூப்பர்சோனிக் பொருந்தும். அவர்கள் நிறுவனத்தின் சொந்தக் கடையிலோ இணையதளத்திலோ வாங்கி, வரிசை எண்ணை உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதே வடிவத்தில் போலிகள் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு உலவுகின்றன. அவற்றில் வளையம் இருக்கும்; ஆனால் வெப்பத்தை அளக்கும் ஏற்பாடு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.